'குளோஸ்' வேற, 'செட்டில்' வேற!



நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஆங்கில வார்த்தை 'குளோஸ்'. கதவை குளோஸ் பண்ணு என்றால் சாத்து. கடையை என்றால் மூடு. லோனை குளோஸ் பண்ணியாச்சு என்றால் அடைச்சாச்சு. தமிழில் 'அடை' என்ற சொல்லும் இப்படித்தான். மண் சேர்ந்து பழவேற்காடு முகத்துவாரம் அடைச்சுக்கிச்சு என்கிறோம், கடனை அடைச்சோம் என்றும் சொல்கிறோம். முன்னது அடைத்தால் நம் வயிற்றில் அடி, பின்னது அடைத்தால் நிம்மதி!

கட்டு, தீர், முடி, செட்டில் பண்ணு என்று இதற்கு இன்னும் பல வார்த்தைகள் உண்டு. பேச்சில் எல்லாம் ஒன்றுதான். வங்கியில் அப்படி இல்லை.

முக்கியமாக 'செட்டில்'. நண்டு, இறால் எடுக்கும் வியாபாரியிடம் 'கணக்கு செட்டில்' என்றால் ஒரு பைசா பாக்கி இல்லை என்று அர்த்தம். வங்கியிலும் நுண்கடன் கம்பெனியிலும் செட்டில்மென்ட் என்றால், பாக்கியைப் பேசிக் குறைத்து வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பது. உங்களுக்கு 18,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். "10,000 கட்டும்மா, செட்டில் பண்ணிடலாம்" என்கிறார்கள். 8,000 மிச்சம், சந்தோஷம்தான். ஆனால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் பெயருக்கு நேராக 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுசாகக் கட்டியவருக்குத்தான் 'குளோஸ்டு'. நாளைக்கு படகுக்கோ, பிள்ளை படிப்புக்கோ கடன் கேட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். வழியே இல்லாத குடும்பத்தை செட்டில்மென்ட் வேண்டாம் என்று நாங்கள் தடுக்கமாட்டோம். ஆனால் விவரம் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள்.

'ரைட் ஆஃப்' என்றாலும் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். அது வங்கி தன் கணக்குக்காக எழுதிக்கொள்வது. நாம் கட்ட வேண்டியது அப்படியே நிற்கும்.

கடைசித் தவணை கட்டியதும் கடன் அட்டையில் பதிந்து, 'பாக்கி இல்லை' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, இது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. வீட்டுப் பத்திரம் வைத்து வாங்கிய கடனா? முழுக்க அடைத்த 30 நாளுக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது.

உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். 'செட்டில்டு' என்று இருந்தால், விட்ட மீதியைக் கட்டி 'குளோஸ்டு' என மாற்றித் தரும்படி கடன் கொடுத்த இடத்தில் எழுதிக் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் கடன் அட்டையோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.