கணப்பு புதிது, புகைபோக்கி பழையதா?

கனடாவில் இருக்கும் உங்கள் மகளோ தம்பியோ 1980களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வரவேற்பறைச் சுவருக்குள் பதித்த விறகுக் கணப்பு பழுதாகிவிட்டது. கதவு சரியாக மூடவில்லை, உள்ளே விரிசல். அதை எடுத்துவிட்டு, குறைந்த விறகில் அதிக வெப்பம் தரும் புதிய கணப்பை வைக்க நினைக்கிறார்கள். “புகைபோக்கி நன்றாகத்தானே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே” என்ற எண்ணம் உடனே எழும். கணிசமான பணம் மிச்சமாகும் என்பதால் அந்த எண்ணம் இனிக்கவும் செய்யும்.

ஆனால், தொழிற்சாலையில் செய்து சுவருக்குள் பொருத்திய கணப்பு என்றால், பெரும்பாலும் அதற்கு விடை ‘கூடாது’ என்பதுதான். காரணத்தைப் புரிந்துகொள்ள, புகைபோக்கி என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

புகையை இழுப்பது எது?

புகைபோக்கியை வெறும் குழாய் என்று நினைக்கிறோம். உண்மையில் கணப்பை இயக்கும் விசையே அதுதான். சூடான வாயு எடை குறைந்தது. வெளியே உள்ள குளிர்ந்த காற்று எடை கூடியது. இந்த வேறுபாடுதான் புகையை மேலே தள்ளி, எரிவதற்கு வேண்டிய புதுக் காற்றைக் கீழே உள்ளே இழுக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 0 டிகிரி செல்சியஸ்; 5 மீட்டர் உயரக் குழாய்க்குள் சராசரி வெப்பம் 200 டிகிரி. அப்போது கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய 27 பாஸ்கல். 3 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்கூட இல்லை! அதே குழாய் குளிர்ந்து 60 டிகிரிக்கு இறங்கினால், இழுவிசை சுமார் 11 பாஸ்கலாகச் சுருங்கிவிடும். கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடிக்கும். அதோடு நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் புகலாம்.

ஆக, புகைபோக்கி சூடாகவே இருக்க வேண்டும். இதில்தான் சிக்கல் இருக்கிறது. புதிய கணப்புகள் வெப்பத்தின் பெரும்பகுதியை அறைக்குக் கொடுத்துவிடுவதால், குழாய்க்குள் போகும் புகையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் விடாமல் காப்பது புகைபோக்கியின் பொறுப்பு.

பழைய குழாய் ஏன் பொருந்தாது?

பழைய கணப்புகள் பலவற்றின் புகைபோக்கி காற்றால் குளிர்விக்கப்படும் வகை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று உலோகக் குழாய்கள். அவற்றின் இடைவெளியில் வெளிக்காற்று ஓடும். திறந்த கணப்பின் மிகுதியான வெப்பத்துக்கு அது சரி. புதிய கணப்பில் பொருத்தினால், குளிர்காலத்தில் புகையைத் தேவைக்கு மேல் குளிர்வித்துவிடும்.

குளிர்ந்த புகை சும்மா போவதில்லை. சுமார் 120 டிகிரிக்குக் கீழே போனால், அதிலுள்ள ஆவிகள் குழாய்ச் சுவரில் கரிய, பிசுபிசுப்பான படிவாகத் தங்குகின்றன. கிரியோசோட் எனப்படும் இந்தப் படிவு நன்றாக எரியக்கூடியது. ஒருநாள் அது பற்றிக்கொண்டால், குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். குழாயைச் சுற்றி இருப்பதோ மரச்சட்டங்களால் கட்டிய வீடு.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய கணப்பும் அதன் புகைபோக்கியும் ஒரே சாதனமாகச் சேர்த்துச் சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகின்றன. ஒரு கணப்பின் குழாயை இன்னொன்றில் மாட்டினால் அந்தச் சான்று செல்லாது. விறகு அடுப்புகளுக்குக் கனடாவில் ‘யூஎல்சி எஸ்629’ தரமும், அமெரிக்காவில் ‘யூஎல் 103 எச்டி’ தரமும் பெற்ற உயர்வெப்பப் புகைபோக்கிகள் உள்ளன. கனடாவின் தரம் 650 டிகிரி வெப்பத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. இரு எஃகுக் குழாய்களுக்கு நடுவே வெப்பக்காப்புப் பொருள் அடைத்த வகை, புகையையும் சூடாக வைத்திருக்கும், சுவரையும் காக்கும். ஆனாலும், புதிய கணப்பின் தயாரிப்பாளர் கையேட்டில் குறிப்பிடும் புகைபோக்கியே இறுதி முடிவு.

விட்டமும் உயரமும்

‘பெரிய குழாய் என்றால் புகை நன்றாகப் போகும்’ என்பது தவறு. புதிய விறகு அடுப்புகள் பலவற்றின் வாய் 6 அங்குலம். அதை 12 அங்குலப் பழைய குழாயில் சேர்த்தால், பரப்பு நான்கு மடங்காகும். புகையின் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். மெதுவாகப் போகும் புகை வழியிலேயே குளிர்ந்துவிடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு லண்டன் வீடுகளின் புகைத் தொல்லையைத் தீர்த்ததும், புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கித்தான். செங்கல் புகைபோக்கி உள்ள வீடுகளிலும் இதே காரணத்தால், அளவுக்கேற்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்குகிறார்கள்.

உயரத்துக்கு வட அமெரிக்காவில் எளிய விதி ஒன்று உண்டு. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குழாய் குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடிச் சுற்றளவில் உள்ள எதையும்விட 2 அடி கூடுதலாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே தள்ளும். இயன்றவரை குழாய் வீட்டுக்கு உள்ளேயே ஏறட்டும். வெளிச்சுவரில் ஏறும் குழாய் பனியில் குளிர்ந்துபோகும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

பொதுவாகக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் இடையே 2 அங்குல வெற்றிடம் கேட்பார்கள். சரியான அளவு குழாயின் சான்றுத் தகட்டில் இருக்கும். ‘குளிர் உள்ளே வருகிறதே’ என்று அந்த இடைவெளியைப் பஞ்சுப்பொதியால் அடைப்பது பெரும் தவறு. ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட மரம் மெல்லக் கரியாகி, புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும். பத்து ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

எனவே அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, புதிய கணப்பின் அழகைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். “புகைபோக்கியின் தரம் என்ன? விட்டம் கணப்பின் வாய்க்குப் பொருந்துகிறதா? வெட் சான்று பெற்ற ஆய்வாளர் பார்த்தாரா?” என்றும் கேளுங்கள். விறகுக் கணப்பு உள்ள வீட்டுக்குக் கனடாவின் காப்பீட்டு நிறுவனங்கள் பல அந்த ஆய்வறிக்கையைக் கேட்கின்றன. கணப்பைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்; புகைபோக்கியை அளவு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.