வாலாட்டிய தசை

தொழுவத்தில் நிற்கும் பசுவின் முதுகில் ஈ உட்கார்ந்ததும் வால் சுழன்று வருகிறதல்லவா? அந்த வாலை இயக்கும் தசைகள் நம்மிடமும் இருக்கின்றன. வால் எப்போதோ போய்விட்டது, தசை தங்கிவிட்டது. இரண்டு காலில் நிமிர்ந்த மனித உடம்பில் அது இடுப்பெலும்புக்குள் தொட்டில் துணிபோல விரிந்து, கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் மலக்குடலையும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது இத்தசையின் உள்ளோரம் மூன்று மடங்கு வரை நீள்கிறது. பெரும்பாலும் பழையபடி சுருங்கிவிடும். சிலருக்கு எலும்பைப் பற்றிய இடத்திலேயே பிய்ந்துபோகும்.

தசை தாங்கும் இந்த விதத்துக்கு மருத்துவப் பாடத்தில் படகு உவமை சொல்வார்கள். மார்த்தாண்டத்துக்காரர்கள் தேங்காப்பட்டணத்தில் கட்டிப்போட்ட வள்ளத்தை நினைத்துக்கொள்ளலாம். வள்ளத்தைத் தாங்குவது தண்ணீர். கயிறு அது விலகாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வற்றினால் பாரமெல்லாம் கயிற்றில். தசை தண்ணீர், தசைநார் கயிறு. தீராத இருமல், மலச்சிக்கல், தலைச்சுமை, மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து கயிற்றை இழுக்க, கர்ப்பப்பை இறங்குகிறது. 'அடி தள்ளுது' என்பார்கள் கிராமத்தில். சாயங்காலம் உருண்டையாகத் தட்டுப்படும். படுத்தால் உள்ளே போய்விடும். அதனாலேயே பலர் வருடக்கணக்கில் வாய் திறப்பதில்லை.

இறங்கிய கர்ப்பப்பைக்குப் பழைய கிரேக்கர்கள் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்து முட்டுக்கொடுத்தார்கள். பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கியதும் உண்டு. மாதுளை எவ்வளவோ மேல்! 1844-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், ரப்பர் வளையங்கள் வந்தன. மார்த்தாண்டத்தைச் சுற்றி விடியலில் சிரட்டையில் சொட்டுகிற அதே பால்தான் அதற்கும் மூலம். பெசரி எனப்படும் இந்தத் தாங்கு வளையம் இன்று சிலிக்கோனில் வருகிறது. மருத்துவர் அளவு பார்த்து வைப்பார். அவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துக் கழுவ வேண்டும், மறந்தால் புண்ணாகும். இறக்கம் அதிகமானால் அறுவை சிகிச்சை. கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்டும் முறைகளை பம்பாய் மருத்துவர்கள் புரந்தரேயும் ஷிரோத்கரும் வகுத்தார்கள்.

இறக்கம் லேசாக இருந்தால் முதலில் பயிற்சி. 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இதைப் பற்றி எழுதினார். வாயு போகாமல் அடக்குவதுபோல் தசையை மேலிழுத்து, சில நொடி பிடித்து, விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை முக்கக் கூடாது. மூன்று நான்கு மாதம் தினமும் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கும்போதே செய்யலாம்; பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.