தோக்கியோவுக்கு வந்த பாட்டு வாத்தியார்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார். காட்டு வேலை முடிந்து, வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். "சார், ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைங்க எல்லாம் பாட்டுப் பாடுதாம். எங்க பையன மட்டும் நாற்காலி அடுக்கச் சொல்லிட்டீங்களாமே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. வெறுமனே கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பையனுக்குச் சுருதி சேராது. நான் அவனைத் திட்டவில்லை. "உனக்கு ஏன் தம்பி சிரமம், நீ வேறு வேலை பார்" என்று அன்பாகத்தான் சொன்னேன். அந்த அன்பில் என்ன தவறு என்பது, பிறகு ஜப்பான் நாட்டுக் கல்வி வரலாற்றில் ஒரு பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

1875ஆம் ஆண்டு ஜப்பானிய அரசாங்கம் இசாவா ஷூஜி என்ற இளைஞரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வயது 24. ஆசிரியர் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்து வர வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். எல்லாப் பாடத்திலும் ஈடுகொடுத்தவருக்குப் பாட்டுப் பாடம் மட்டும் வரவில்லை. மேல்நாட்டு ஸ்வர வரிசையைப் பாடச் சொன்னால் பாதி வழியில் குரல் தடம் புரண்டது. கல்லூரித் தலைவர் நல்ல மனிதர். நீர் கிழக்கு நாட்டிலிருந்து வந்தவர், இது உமக்குச் சிரமம், பாட்டுப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கிறேன் என்றார்.

இசாவா மூன்று நாள் அழுதாராம். பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாடு நம்பி அனுப்பிய ஆளிடம் "உனக்கு மட்டும் வேண்டாம்" என்றால் எப்படி இருந்திருக்கும்? இதைப் படித்தபோது எனக்கு அடுக்கி வைத்த நாற்காலிகள்தாம் நினைவுக்கு வந்தன.

அழுது முடித்தவர் ஓர் ஆசிரியரைத் தேடிப் போனார். பாஸ்டன் நகரத் தொடக்கப் பள்ளிகளில் 1864 முதல் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்த லூதர் வைட்டிங் மேசன் என்பவர்தாம் அவர். மேசன் மேடை வித்துவான் அல்லர். சின்னப் பிள்ளைகளின் வாத்தியார். அவரிடம் உட்கார்ந்து பழகப் பழக, இசாவாவின் தொண்டையில் அந்த ஏழு ஸ்வரமும் ஒவ்வொன்றாக வசப்பட்டன.

ஜப்பானில் அப்போது நிலைமை என்ன தெரியுமா? 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலேயே தொடக்கப் பள்ளிக்குப் "பாட்டு" ஒரு பாடம் என்று எழுதிவிட்டார்கள். பக்கத்திலேயே, "தற்போதைக்கு இல்லை" என்றும் எழுதிவைத்தார்கள். ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. எதைப் பாடுவது என்பதே தெரியாது. கால அட்டவணையில் பெயர் மட்டும் இருக்கும் பாடங்களை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா! நாடு திரும்பிய இசாவா இதை விடவில்லை. 1879ஆம் ஆண்டு அக்டோபரில் கல்வி அமைச்சு இசை ஆய்வுக் கழகம் ஒன்றைத் தொடங்கி அவரையே தலைவராக்கியது. அவர் தம் பழைய ஆசிரியரை அழைத்தார். 1880ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேசன் ஜப்பானில் வந்து இறங்கினார். பிறந்தது 1818. நம்மில் பலர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயதில், மொழி தெரியாத நாட்டில் புது வாத்தியார்!

அவருக்கு முதலில் கிடைத்த வகுப்புகள் எவை? தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்த தொடக்கப் பள்ளியும், மகளிர் பயிற்சிப் பள்ளியோடு இணைந்த பாலர் பள்ளியும். பியானோவும் வயலினும் பின்னால் வரட்டும், முதலில் குரல் என்பது அவருடைய முறை. தாம் பாடிக் காட்டுவார். பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும். நன்றாகப் பழகிய பிறகே, சுவரில் தொங்கும் பெரிய அட்டையில் அந்த ஸ்வரங்களின் குறிகளைக் கோலால் தொட்டுக் காட்டுவார். கேட்டல், பேச்சு, பிறகு வாசிப்பு என்று எங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் மொழிப் பாடத்துக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசைதான்.

மொழி ஒரு தடைதான். துபாஷி வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் காதுக்குத் துபாஷி கிடையாதே! இசாவாவுக்கு நேர்ந்த அதே தடுமாற்றம் இங்கே வகுப்பு முழுவதற்கும் நேர்ந்தது. அது ஏன் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மேல்நாட்டு ஸ்வர வரிசையை ஒரு படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச் 'ச'விலிருந்து மேல் 'ச' வரை ஏறுகிறோம். எல்லாப் படியும் ஒரே உயரம் அன்று. மூன்றாவதிலிருந்து நான்காவதற்கும், ஏழாவதிலிருந்து எட்டாவதற்கும் பாதி உயரமே. நம் முறையில் சொன்னால், 'க'வுக்கும் 'ம'வுக்கும் நடுவிலும், 'நி'க்கும் மேல் 'ச'வுக்கும் நடுவிலும் அந்தக் குட்டைப் படிகள் வருகின்றன. இருட்டில் படி ஏறுகிறவன் எல்லாப் படியும் ஒரே உயரம் என்று நினைத்துக் காலை வைத்தால் இடறுவான். ஜப்பானியப் பிள்ளைகளின் குரல் அந்த நான்கிலும் ஏழிலும்தான் இடறியது. அவர்கள் தாலாட்டிலும் விளையாட்டுப் பாட்டிலும் கேட்டு வளர்ந்த இடைவெளிகள் வேறு. காது கெட்டுப் போயிருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தக் காது வேறு வீட்டுப் படியில் ஏறி இறங்கிப் பழகியிருந்தது.

அந்த நான்கையும் ஏழையும் விட்டுவிட்டுப் பாடினால் என்ன கிடைக்கும்? ச ரி க ப த. கொஞ்சம் பாட்டுப் பழக்கம் உள்ள நேயர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நம்முடைய மோகன ராகத்தின் ஸ்வரங்கள்! ஜப்பானில் ஸ்வரங்களை எண்களாலேயே சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள்: ஹி, ஃபூ, மி, யோ, இ, மு, நா. நம்முடைய ஒன்று, இரண்டு, மூன்று போல. 'யோ' என்றால் நான்கு, 'நா' என்றால் ஏழு. இவ்விரண்டும் நீங்கிய ஸ்வர வரிசைக்கு "யோனா நுகி" என்று ஒரு பெயரே பிறகு நிலைத்துவிட்டது. நான்கும் ஏழும் எடுத்தது என்று பொருள். பிற்காலத்து ஜப்பானியப் பள்ளிப் பாட்டுகள் பல இந்த ஐந்து ஸ்வரத்திலேயே அமைந்தவை. சில ஜப்பானியப் பாட்டுகளை நாம் கேட்கும்போது எங்கோ கேட்டது போல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டுப் புத்தகம் தயாரித்த விதமும் சுவையானது. மெட்டை மேசன் எடுத்துக் கொடுப்பார். ஜப்பானியப் புலவர்கள் அதற்குச் சொல் கட்டுவார்கள். வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய ஒரு பாட்டுக்கு, பிள்ளைகள் ஏற்கெனவே விளையாட்டில் பாடி வந்த சொற்களையே எடுத்து மேல்நாட்டு மெட்டில் பொருத்தினார்கள். இந்த மெட்டில் அந்தத் தொல்லை பிடித்த நான்காவது ஸ்வரம் வருகிறது. வாய்க்குப் பழகிய சொல்லைப் பிடித்துக்கொண்டு, பழகாத படியில் கால் வைக்கக் கற்றுக்கொண்டார்கள் குழந்தைகள். நல்ல யோசனை!

ஸ்காத்லாந்து நாட்டு மெட்டு ஒன்றும் புத்தகத்தில் சேர்ந்தது. சாரணர் முகாம் முடிவில் கைகோத்துப் பாடுவார்களே, பழைய நட்பை நினைத்துப் பாடும் பாட்டு, அந்த மெட்டுத்தான். அதிலும் நான்கும் ஏழும் இல்லை. ஜப்பானில் பட்டமளிப்பு நாளின் பாட்டாக அது ஊறிப்போனதில் வியப்பென்ன? முதல் பாகம் 1882இல் வெளிவந்தது. மூன்று பாகமும் சேர்த்து 91 பாட்டுகள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவுப் பாட்டின் ஜப்பானியச் சொற்களில், மின்மினி வெளிச்சத்தில் படிப்பதும் தோழரைப் பிரிவதும் உண்டு. அதற்குப் பின்வந்த அடிகளில் நாட்டின் எல்லைக்கு ஊழியம் செய்யப் போகிறவர்களை வாழ்த்துவதும் உண்டு. பள்ளிப் பாட்டுக்கு அரசாங்கம் செலவு செய்தால் அரசாங்கத்தின் விருப்பமும் பாட்டுக்குள் வந்து உட்காரும். எங்கள் தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில், அதாவது 1942க்கும் 1945க்கும் நடுவில், பள்ளியில் கற்ற ஜப்பானியப் பாட்டு ஒன்றை எண்பது வயதிலும் பிசகாமல் பாடுவார். பொருள் அவருக்குத் தெரியாது. அவருடைய அண்ணன் சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, அதே பாட்டைப் பாடுவார். பிள்ளை வாயில் வைத்த பாட்டு அவ்வளவு ஆழமாக இறங்கிவிடுகிறது.

மேசனிடம் திரும்புவோம். 1880ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆய்வுக் கழகம் 22 பேரைப் பயிற்சிக்கு எடுத்தது. அவர்களில் அரண்மனை இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்த வித்துவான்கள், ஒரு வெள்ளைக்கார வாத்தியார் முன் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். வாத்தியக் குழு என்றால் பல கருவிகள் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். மேல்நாட்டுக் கருவிகளோ போதிய அளவு இல்லை. உள்ளூர்க் கருவியான கோத்தோவையும் கழகம் பயன்படுத்திக்கொண்டது. அதற்கு 13 நரம்புகள். நம் வீணையில் நரம்புகளைத் தாங்கும் குதிரை இருக்கிறதல்லவா, அதைப் போல இதில் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனிக் குதிரை. அதைச் சற்றுத் தள்ளி வைத்தால் அந்த நரம்பின் ஸ்வரம் மாறிவிடும். ஆகவே 13 குதிரைகளையும் நகர்த்தி வைத்து, கோத்தோவையும் மேல்நாட்டு வரிசைக்குச் சுருதி கூட்டலாம். காதைவிடக் கருவி சீக்கிரம் பழகிவிட்டது போலும்!

நம்மவர்கள் வயலினை எடுத்துக்கொண்ட விதத்தை இதோடு ஒப்பிடத் தோன்றுகிறது. ஏறத்தாழ 1800ஐ ஒட்டிய காலத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கருவியை வாங்கிக்கொண்டோம்; அவர்கள் பாடத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, காலில் ஊன்றி, சுருதியையும் நமக்கேற்ப மாற்றி, நம் ராகத்தை வாசித்தோம். ஜப்பானியர் கருவி, பாடம், வாத்தியார் மூன்றையும் சேர்த்து இறக்கினார்கள். அவர்களுக்குப் பெரிய வாத்தியக் குழுக்கள் கிடைத்தன. அவர்களுடைய பழைய இசை நெடுங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றது. எனக்கென்னவோ நம்முடைய வழி பிடிக்கிறது. நேயர்கள் மாறுபடலாம்.

1882இல் மேசன் தாய்நாடு சென்றார். மறுபடி வர அவருக்கு ஆசை இருந்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வாத்தியக் குழுப் பயிற்சியைக் கடற்படையின் பேண்டு வாத்தியத்துக்காக வந்திருந்த ஜெர்மானியர் ஃபிரான்ஸ் எக்கெர்ட் தொடர்ந்தார். கழகத்தில் சிறுமியாகச் சேர்ந்து பயின்ற கோதா நோபு 1889இல் அரசாங்கச் செலவில் பாஸ்டனுக்கும் பிறகு வியன்னாவுக்கும் சென்று வயலின் கற்றுத் திரும்பி, தோக்கியோ இசைப் பள்ளியில் ஆசிரியையானார். மேசன் 1896இல் காலமானார்.

இசாவாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 1887இல் ஹமமாத்சு என்ற ஊர்த் தொடக்கப் பள்ளியில் அமெரிக்காவிலிருந்து வாங்கிய ஆர்மோனியம் போன்ற காற்றுப் பெட்டி பழுதாகிவிட்டது. மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவர் அதைச் சரி செய்தார். இதை நாமே செய்யலாமே என்று தோழர் ஒருவரோடு சேர்ந்து புதிதாக ஒன்று செய்தார். அதைத் தோளில் காவு தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு, ஹக்கோனே மலை ஏறி இறங்கி, 250 கிலோமீட்டர் போல நடந்து இருவரும் தோக்கியோ வந்து சேர்ந்தார்கள். இசாவா வாசித்துப் பார்த்தார். பெட்டி நன்றாக இருந்தது, சுருதி சேரவில்லை.

இசாவா அவருக்கு விலக்கு அளிக்கவில்லை. தம் வகுப்பில் ஏறத்தாழ ஒரு மாதம் உட்கார வைத்து ஸ்வரமும் சுருதியும் கற்க வழி செய்தார். ஊர் திரும்பி அவர் செய்த அடுத்த பெட்டி சுருதி சேர்ந்தது.

அந்த மனிதரின் பெயர் யமஹா தொரகுசு. அவர் தொடங்கிய இசைக்கருவி நிறுவனத்திலிருந்துதான் 1955இல் மோட்டார் சைக்கிளும் வந்தது. லயத்து வாசலில் யாராவது யமஹா நிறுத்தியிருந்தால், அதன் பெட்ரோல் டாங்கியில் உள்ள வட்டச் சின்னத்தைப் பாருங்கள். சக்கரத்தின் கம்பிகள் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அவை குறுக்கே வைத்த மூன்று இசைக்கவைகள். தட்டினால் ஒரே ஸ்வரம் கொடுக்கும், சுருதி பார்க்கும் கவை.

பையன் இப்போது பாட்டு வரிசையில் இரண்டாவதாக நிற்கிறான். நாற்காலிகளை எல்லாரும் சேர்ந்து அடுக்குகிறார்கள். அவனுக்குச் சுருதி இன்னும் சேரவில்லை. 'க' வரைக்கும் வந்துவிட்டான்.