செய்யாத வண்டிக்கு அச்சாரம்

கடையில் கண்முன் கிடக்கும் பொருளை விலை பேசி எடுத்துவருவது எளிது. இனிமேல் செய்யப்படும் பொருளுக்குப் பணம் கட்டிவிட்டு, அது வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது அத்துணை எளிதன்று. விரும்பிய வகையும் நிறமும் காட்சிக்கூடத்தில் இல்லையெனின், புதிய கார் வாங்க வந்தவர் இவ்விரண்டாம் நிலைக்கு ஆளாகிறார். "தொழிலகத்துக்கு ஆணை அனுப்பிவிடுவோம், மூன்று மாதத்தில் வந்துவிடும்" என்பார் விற்பனையாளர். அம்மூன்று மாதம் ஆறாவதும் உண்டு, பன்னிரண்டாவதும் உண்டு. ஆணை கொடுப்பதா, கையிருப்பில் உள்ள வேறொன்றை எடுப்பதா, பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டு பொறுத்திருப்பதா? இவ்வினாவை ஆராய்வதற்கு, மலேசியாவில் 2020 முதல் 2023 வரை நிகழ்ந்தவை நல்ல சான்றாக அமைகின்றன. ஆகலின் அவற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கொரோனாத் தொற்றால் நலிந்த கார் வாணிகத்தைத் தூக்கி நிறுத்த, அரசாங்கம் 2020 ஜூன் 15ஆம் நாள் முதல் விற்பனை வரியில் விலக்கு அளித்தது. உள்நாட்டில் பூட்டப்படும் கார்களுக்குப் பத்து விழுக்காட்டு வரி முழுதும் நீங்கிற்று. முழு வண்டியாக இறக்குமதியாகும் கார்களுக்குப் பாதி நீங்கிற்று. இச்சலுகை முதலில் 2020 டிசம்பர் 31 வரைக்கும் என்றனர். பிறகு 2021 ஜூன் 30. பிறகு 2021 டிசம்பர் 31. பிறகு 2022 ஜூன் 30. இனி நீட்டிப்பு இல்லை என அறிவித்தபோது, அரசாங்கம் ஒரு வழியைத் திறந்துவைத்தது. 2022 ஜூன் 30க்குள் முன்பதிவு செய்தோர், 2023 மார்ச்சு 31க்குள் தம் வண்டியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்துவிட்டால், அவர்களுக்கும் வரிவிலக்கு உண்டு என்பதே அது.

இதில் உள்ள நுட்பத்தை நோக்குக. முன்பதிவு செய்யும் நாள் வாங்குவோர் கையில் இருந்தது. இலாகாவில் பதியும் நாளோ தொழிலகத்தின் கையில் இருந்தது. ஜூன் இறுதி வாரத்தில் விரைந்தோடிப் பணம் கட்டியவர்களுள் எத்துணைப் பேர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தனரோ!

பத்து விழுக்காடு என்றதும் விலையில் பத்திலொரு பங்கு குறையும் என்று பலர் நம்பினர். அது பிழை. விற்பனை வரி காட்சிக்கூடத்தில் எழுதியிருக்கும் விலையின்மீது கணக்கிடப்படுவதன்று. வணிகரின் செலவும் ஊதியமும் சேர்வதற்கு முந்திய மதிப்பின்மீது கணக்கிடப்படுவது. எனவேதான் பெரோடுவா நிறுவனம் 2020இல் தன் கார்களின் விலையை மூன்று முதல் ஆறு விழுக்காடு வரையே குறைத்தது. அறுபதாயிரம் வெள்ளிக் காருக்கு இது 1,800 வெள்ளி முதல் 3,600 வெள்ளி வரை ஆகும். சிறு தொகையன்று, ஆனால் ஓராண்டுக் காத்திருப்பு விழுங்கிவிட முடியாத தொகையுமன்று.

தோட்டப்புறப் பள்ளிக்கு மாற்றலாகிச் சென்ற ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பழைய கார் பட்டறையில் மாதம் 250 வெள்ளி வாங்குகிறது எனக் கொள்க. புதிய கார் ஒன்பது மாதம் தாமதமானால் 2,250 வெள்ளி பட்டறைக்கே போய்விடும். முன்பதிவு நாளில் பழைய காருக்குப் பேசிய மாற்றுவிலை, ஒன்பது மாதம் கழித்து நிற்காது. வண்டிக்கு ஒரு வயது கூடியிருக்குமே! மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அவ்வொன்பது மாதமும் அவர் புதிய காரின் தவணையைக் கட்டவில்லை. புதிய காரின் மதிப்பும் அவர் கையில் தேயவில்லை. ஆகவே ஓடக்கூடிய பழைய கார் ஒன்று வீட்டில் இருப்பவருக்குக் காத்திருப்பு பெருநட்டம் ஆகாது. வண்டியே இல்லாதவர், அன்றி வண்டி நடுவழியில் நின்றுவிடும் நிலையில் உள்ளவர், இவர்களுடைய கணக்கே வேறு. பேருந்து எட்டிப் பாராத ஊரில் அவருக்கு ஒவ்வொரு மாதமும் வாடகை வண்டிச் செலவாகவே கழியும்.

வட்டியையும் மறத்தலாகாது. 2022 மே மாதம் பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக உயர்த்திற்று. அவ்வாண்டு நவம்பருக்குள் அது 2.75 விழுக்காடாயிற்று. கடன் ஒப்புதல் என்றென்றைக்கும் செல்லுவதன்று. வண்டி வருமுன் ஒப்புதல் காலாவதியானால், மீண்டும் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விகிதமே கிடைக்கும். வரியில் மிஞ்சியதை வட்டியில் விட்டவர்கள் இப்படித்தான் விட்டனர்.

இனி, தாமதம் ஏன் நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். காரணம் விளங்கினால்தான், விற்பனையாளர் சொல்லும் "மூன்று மாதம்" எத்தகைய சொல் என்பது விளங்கும்.

இக்காலக் கார் ஒன்றில் சிப் எனப்படும் நுண்சில்லுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எஞ்சினுக்கு எரிபொருள் பாய்ச்சுவதும், பிரேக் வழுக்காமல் காப்பதும், கண்ணாடியை ஏற்றி இறக்குவதும் அவையே. 2020இன் முற்பகுதியில் கார் விற்பனை படுத்துவிட்டது. கார் நிறுவனங்கள் சில்லுகளுக்குக் கொடுத்திருந்த ஆணைகளைக் குறைத்துக்கொண்டன. வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே பள்ளி என்றானபோது கணினிகளுக்குத் தேவை பெருகிற்று. சில்லுத் தொழிலகங்கள் அப்பக்கம் திரும்பின. கார் விற்பனை எதிர்பார்த்ததற்கு முன்னரே மீண்டபோது, கார் நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு சில்லு செய்து முடிக்க மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும் என்பதால், அவசரப்படுத்தியும் பயனில்லை.

இதன்மேல் அடிக்குமேல் அடி விழுந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரால் மின்சாரம் தடைப்பட்டுச் சில்லுத் தொழிலகங்கள் மூடிக்கிடந்தன. மார்ச்சு 19ஆம் நாள் ஜப்பானில் ரெனிசாஸ் நிறுவனத்தின் நாக்கா தொழிலகத்தில் தீப்பிடித்தது. அது கார்ச் சில்லுகளுக்குப் பெயர்போன இடம். ஆகஸ்டில் நம் ஜொகூர் மாநிலத்து மூவாரிலேயே தொற்றுப் பரவிச் சில்லுத் தொழிலகம் நிறுத்தப்பட்டது. உலகில் நடைபெறும் சில்லுப் பொதிவு, சோதனை வேலைகளில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது என்பதை நம்மவருள் பலர் அறியார். மூவாரில் கதவு சாத்தினால் ஐரோப்பாவில் கார் வரிசை நிற்கும். தென்கிழக்காசியாவில் பரவிய தொற்றையும் சில்லுப் பற்றாக்குறையையும் காட்டி, 2021 செப்டம்பர் மாதத்துக்குரிய உலக உற்பத்தித் திட்டத்தில் டொயோட்டா ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டைக் குறைத்தது. நம் நாட்டில் முழு ஊரடங்கின்போது, 2021 ஜூன் மாதம் விற்பனையான புதிய வண்டிகள் வெறும் 1,921. அவ்வாண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டதும், அங்கே செய்யப்பட்டுவந்த மின்கம்பிக் கட்டுகள் வராமையால் ஜெர்மானியத் தொழிலகங்கள் சில நின்றன.

சில்லுக்கும் கம்பிக் கட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சில சில்லுகள் இல்லாவிட்டாலும் வண்டியைப் பெரும்பாலும் முடித்து நிறுத்திவைக்கலாம். அமெரிக்காவில் போர்டு நிறுவனம் அவ்வாறு முற்றுப்பெறாத வண்டிகளைக் கென்டக்கியிலுள்ள கார்ப் பந்தயத் திடலில் அடுக்கி வைத்தது. கம்பிக் கட்டோ வண்டியின் நரம்பு. தொடக்கத்திலேயே அதனை உள்ளே இழைத்தாக வேண்டும். அஃதின்றி வேலை தொடங்காது. ஆயிரம் பொருள் இருந்தும் ஒன்று இல்லையேல் வண்டி இல்லை. அவ்வொன்று எது, எந்நாட்டிலிருந்து வருவது என்பது காட்சிக்கூடத்தில் நிற்கும் விற்பனையாளருக்குத் தெரிவதற்கு வழியில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று கருதவேண்டா. அவருக்கு மேலிடத்தார் சொன்ன மதிப்பீட்டை அவர் நமக்குச் சொல்கிறார், அவ்வளவே.

கார் வருகிறதா என்பதோடு, நாம் கேட்ட கார்தான் வருகிறதா என்பதும் ஒரு கேள்வி. 2022 அக்டோபரில் டொயோட்டா ஜப்பானில் விற்ற சில வண்டிகளுக்கு இரண்டு மின்னணுச் சாவிகளுள் ஒன்றை மட்டும் கொடுத்து, மற்றொன்றுக்குப் பதில் சாதாரணச் சாவியைக் கொடுத்தது. சாவியோடு போயிற்று என்று மகிழலாம். வேறு சிலர் தொடுதிரையையும் இருக்கைச் சூடேற்றியையும் விட்டுக்கொடுத்தனர்.

இந்நிலையில் வாங்குவோர் கேட்கத்தக்க முதற்கேள்வி, "எப்போது வரும்?" என்பதன்று, "சேசிஸ் எண் வந்துவிட்டதா?" என்பதே. சேசிஸ் எண் என்பது வண்டியின் உடற்சட்டத்தில் பொறிக்கப்படும் எண். அஃது ஒதுக்கப்பட்டுவிட்டால் குறிப்பிட்ட ஒரு வண்டி நம் பெயருக்கு உண்டு எனலாம். அது வரும்வரை நம்மிடம் இருப்பது ஒரு வாக்குறுதியே. சட்டமும் ஏறத்தாழ இதனையே சொல்கிறது. தீபகற்ப மலேசியாவில் வழங்கும் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, இன்ன பொருள் என்று அறுதியிடப்படாத பொருளின் உடைமை, அறுதியிடப்படும்வரை வாங்குவோரைச் சேராது.

பணம் கட்டிய சீட்டில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்பதும் பெரிது. தமிழாசிரியர்களுக்கு இது சுவையான செய்தி. அச்சாரம், முன்பணம் என்னும் இரு சொற்களையும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே வழங்குகிறோம். ஆனால் சந்தையில் மாட்டுக்கு அச்சாரம் கொடுப்பவன், "நான் பின்வாங்கமாட்டேன்" என்பதற்கு அடையாளமாகக் கொடுக்கிறான். பின்வாங்கினால் அது போகும் என்பதை அறிந்தே கொடுக்கிறான். முன்பணமோ விலையின் ஒரு பகுதியை முன்னதாகச் செலுத்துவது. சட்டமும் இவ்வேறுபாட்டைக் காண்கிறது: வாங்குவோர் பின்வாங்கினால் முன்னது பறிபோகக்கூடியது, பின்னது திரும்பக் கேட்கக்கூடியது. பறிக்கப்படும் அச்சாரமும் நியாயமான அளவினதாக இருத்தல் வேண்டும் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கட்டும் தொகை எது, எந்நிலையில் எவ்வளவு திரும்பும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குதல் வேண்டும்.

நாளைப் பற்றியும் அங்ஙனமே. "மதிப்பிடப்பட்ட நாள்" என்று எழுதியிருந்தால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, காலம் ஒப்பந்தத்தின் உயிர்நிலை என இருதரப்பாரும் கருதியிருந்தால், குறித்த நாள் தவறியதும் ஒப்பந்தத்தை விட்டு நீங்கும் உரிமையை மற்றவருக்கு அளிக்கிறது. வரிவிலக்குக் காலக்கெடுவை நம்பி ஆணை கொடுப்பவருக்கு, காலமே உயிர்நிலை. அதனைச் சீட்டில் ஒரு வரியாக எழுதச் சொல்வதில் நாணம் வேண்டா: இன்ன நாளுக்குள் வண்டி பதிவாகாவிடில் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும், கூடுதல் வரி நேர்ந்தால் அதனை இன்னார் ஏற்பர். ஆணைப் படிவங்களில் அடிக்கடி காணப்படும் வாசகம் இதற்கு நேர்மாறானது: பதிவு நாளில் உள்ள விலையே செல்லும் என்பது.

சிங்கப்பூரில் இதே வினா வேறு உருவில் வருகிறது. அங்கே 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற்றாக வேண்டும். வண்டி வரும் நாளோடு சான்றிதழின் விலையும் ஊசலாடுகிறது. ஏலம் எவ்வளவு ஏறினும் பேசிய விலைக்கே தருவதாக உறுதிகூறும் ஒப்பந்தம் ஒன்று. ஏறினால் வாங்குவோர் கூடுதல் கட்டவோ காத்திருக்கவோ வேண்டிய ஒப்பந்தம் மற்றொன்று. முன்னதில் விலை சற்று மிகுதி. அம்மிகுதி, ஏல ஏற்றத்தின் சுமையை விற்பவர் தலைக்கு மாற்றுவதற்கு நாம் கொடுக்கும் கூலி.

என் கருத்தில், ஓடும் வண்டி ஒன்றை உடையவர், வேண்டிய வகையில் உறுதியாக இருப்பவர், சீட்டில் மேற்சொன்ன வரியை எழுதி வாங்கியவர், ஆகிய இவர் ஆணை கொடுக்கலாம். வண்டியின்றித் தவிப்பவர் நிறத்தையும் வகையையும் சற்று விட்டுக்கொடுத்துக் கையிருப்பில் உள்ளதை எடுப்பதே தக்கது. வெள்ளை வண்டியானால் என்ன, சாம்பல் வண்டியானால் என்ன, திங்கட்கிழமை காலையில் பள்ளி வாயிலில் நிற்கவேண்டுமே! காலக்கெடு ஒன்றுக்காக மட்டும் விரைபவர், அக்கெடு வரலாற்றில் எத்தனை முறை தள்ளிப்போயிற்று என்பதையும், தள்ளிப்போகாமல் முடிந்தது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். 2020இன் கெடு மூன்று முறை தள்ளிற்று. 2023 மார்ச்சின் கெடு தள்ளவில்லை.

தாமதமாக வந்த வண்டியைப் பெறும் நாளில் செய்யவேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது. முன் கூறிய 56ஆம் பிரிவே, காலம் உயிர்நிலையாக இருந்தும் நாள் தவறி வந்ததை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே அறிவித்தாலன்றிப் பின்னர் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது. புது வண்டியின் மணத்தில் இதனை மறந்துவிடுவது இயல்பு. ஆகவே பெற்றுக்கொண்டதற்கான படிவத்தில் கையெழுத்திடுமுன், "தாமதத்தால் நேர்ந்த இழப்பைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி, அதன் படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்க.