கருவின் இரு முனைகளில் நீல ஒளி

இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் காணிக்கை செலுத்த வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்வையை நம் மக்கள் எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்று. ஆனால் ஒளியை உணரக் கண்தான் வேண்டும் என்பதில்லை. ஓட்ஸ் பயிரின் இளந்தளிர் வெளிச்சம் வரும் பக்கம் வளைகிறது. அதிலுள்ள ஒரு புரதம் நீல ஒளி பட்டதும் உருமாறுவதே காரணம்.

அந்தப் புரதத்தின் ஒரு துண்டைப் பழ ஈயின் கருவுக்குள் வேலை செய்ய வைத்தார்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில்.

வாழைப்பழத்தை மொய்க்கும் அந்த ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். இட்ட சில மணி நேரத்தில் அதன் இரு முனைகளில் ‘எர்க்’ என்ற புரதம் தூண்டப்பட வேண்டும். தூண்டப்படாவிட்டால் வால்பகுதி உருவாகாது, தலையும் சரியாக அமையாது, கரு இறந்துவிடும். பிரின்ஸ்டனின் ஹெதர் ஜான்சன், ஜாரெட் டெட்சர் குழுவினர் இந்தச் சமிக்ஞை அறவே இல்லாத கருக்களை எடுத்துக்கொண்டு, இரு முனைகளிலும் நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்தில் ஓட்ஸ் புரதம் ‘சாஸ்’ என்ற இன்னொரு புரதத்தைச் செல்லின் சவ்வுக்கு இழுத்துவர, எர்க் விழித்துக்கொண்டது. சாக வேண்டிய கருக்களில் சில புழுவாகப் பொரிந்து, ஈயாக வளர்ந்து, முட்டையும் இட்டன. 2020-இல் வெளியான முடிவு இது.

இயற்கையில் இந்தச் சமிக்ஞை முனையில் வலுத்து, உள்ளே போகப்போகத் தேய்ந்து மறையும். இவர்கள் கொடுத்ததோ தேய்மானமே இல்லாத ஒரே சீரான ஒளி. அதுவே போதுமானதாக இருந்தது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. இடம் தவறினால் மட்டும் கரு பொறுக்காது: நடுப்பகுதியில் ஒளி பாய்ச்சினால் வளர்ச்சி சிதைவதை 2017-லேயே கண்டிருந்தார்கள்.

 

மனிதருக்கு இதனால் என்ன? இதே சமிக்ஞைப் பாதையின் மரபணுக்கள் பிறழ்ந்தால் இதயக் கோளாறும் வளர்ச்சிக் குறைவும் கொண்ட நூனன் நோய்க்கூட்டு வரலாம். எங்கே, எப்போது பிழை நேர்கிறது என்று தேட ஒளி உதவும். அது ஆய்வுக் கருவி மட்டுமே, சிகிச்சை அல்ல. வயிற்றுப் பிள்ளையின் குறையை ஒளியால் சரிசெய்வோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.