கணுக்காலிகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கொங்கு நாட்டுத் தோட்டமொன்றின் வரப்பில் நடப்போர் சிற்றுயிர்கள் பலவற்றைக் காண்பர். மரவட்டை ஊர்ந்து செல்லும்; தொட்டால் சுருண்டுகொள்ளும். வாய்க்கால் வளையில் நண்டு பதுங்கியிருக்கும். கல்லைப் புரட்டினால் தேள் கொடுக்கை உயர்த்தும். தலைக்குமேல் தட்டான்கள் வட்டமிடும். இவை ஒன்றற்கொன்று உறவுடையன என்றால் நம்புவது அரிது. ஆயினும், விலங்கியல் அறிஞர் இவை யாவற்றையும் ஒரே தொகுதியில் அடக்கிக் கணுக்காலிகள் எனப் பெயரிட்டுள்ளனர்.

கரும்பில் கணுக்கள் இருப்பதுபோல் இவற்றின் கால்களில் மூட்டுகள் அமைந்துள்ளன; பெயர்க் காரணம் அதுவே. உடலும் வளையம் வளையமாகப் பகுக்கப்பட்டிருக்கும். நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. இவற்றுக்கோ கைட்டின் என்னும் பொருள் கலந்த உறுதியான உறை வெளியே இருக்கிறது. அவ்வுறை உடலோடு சேர்ந்து வளராது. எனவே, வளருந்தோறும் பழைய சட்டையைக் கழற்றிப் புதியது பூணவேண்டும். உடுமலை, கோபி வட்டாரங்களில் வளர்க்கப்படும் பட்டுப்புழு நான்கு முறை இவ்வாறு தோலுரிக்கிறது. அவ்வேளையில் அது இலை தின்னாமல், தலையை நிமிர்த்தி அசைவற்றுக் கிடக்கும்.

கால்களை எண்ணியே வகுப்பைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என்னும் மூன்று பகுதிகளும் உடையவை பூச்சிகள். சிலந்திக்கும் தேளுக்கும் எட்டுக் கால்கள், உணர்கொம்புகள் இல்லை. நண்டுக்குக் கொடுக்குகளையும் சேர்த்துப் பத்து. பூரானுக்கு வளையத்துக்கு ஓர் இணை; மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு இணை. பட்டுப்புழுவைக் கண்டு மட்டும் மயங்குதல் கூடாது. அதற்கு எட்டு இணைக் கால்கள் தோன்றினும், முன்னுள்ள மூன்று இணைகளே மெய்க்கால்கள். ஏனையவை சதைக்கால்கள், அந்துப்பூச்சியாகும்போது அவை மறைந்துவிடும். ஆகவே, அதுவும் பூச்சியே.

இவ்வுறவு முறையை அறிவதால் உழவர்க்குப் பயன் என்னை? 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களில் அது விரைந்து பரவிற்று. மாவைத் தூவியதுபோல் வெண்மையாகப் படிந்திருந்ததால், பூஞ்சணமோ என ஐயுறத் தோன்றும். வெண்மெழுகை நீக்கி உருப்பெருக்கியால் நோக்கினாலோ ஆறு கால்கள் தெரியும். பூச்சிதானே, நஞ்சு தெளித்துக் கொன்றால் என்ன? மெழுகுப் போர்வை நஞ்சை எளிதில் உள்ளே விடுவதில்லை. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மல்பெரி இலை பட்டுப்புழுவின் உணவு. இரண்டும் பூச்சியினமே ஆதலால், மாவுப்பூச்சியைக் கொல்லும் நஞ்சு இலையில் தங்கிப் பட்டுப்புழுவையும் கொல்லும்.

மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். அங்கே அதனை அடக்கி வைப்பவை சிறு குளவிகள். 2010-ஆம் ஆண்டில் அத்தகைய குளவிகளில் மூன்று இனங்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பெற்றன. பெங்களூரில் ஆராயப்பட்ட பின்னர், அவ்வாண்டிலேயே கோயம்புத்தூர்ப் பகுதித் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் இனமே சிறந்து விளங்கிற்று. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எனினும், மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் ஆற்றல் அதற்குண்டு. குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று வளரும். பட்டுப்புழுவை இக்குளவி நாடுவதில்லை. ஆயினும், இதுவும் ஆறுகாற் பூச்சியாதலின், நஞ்சு தெளித்த தோட்டத்தில் தங்கி வாழாது. தெளிப்பு நின்ற தோட்டங்களில் உலர்ந்த மாவுப்பூச்சிகளின் உடலில் சிறு துளைகள் தென்பட்டன. வளர்ந்த குளவி வெளியேறிய வழி அதுவே.