ஒரே நிரல், வெவ்வேறு கணினிகள்: உங்கள் திட்டப்பணி எல்லாவற்றிலும் ஓடுமா?

குழுத் திட்டப்பணிக்காக ஒருவர் விண்டோஸ் மடிக்கணினியில் உருவாக்கிய நிரலை, இன்னொருவர் தம் மேக்புக்கில் திறக்கப் பார்க்கிறார். திறக்கவில்லை. ராஸ்பெரி பையில் போட்டாலும் அதே கதை. கோப்பு கெட்டுப்போகவில்லை, அது வேறொரு வகைக் கணினிக்காகத் தயாரானது, அவ்வளவுதான்.

நாம் எழுதும் மூல நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாகக் கம்பைலர் மாற்றித் தருகிறது. அப்படிக் கிடைப்பதே இயங்கு கோப்பு. அது ஓட இரண்டு பொருத்தங்கள் வேண்டும்.

முதலாவது, சில்லின் வகை. மடிக்கணினிகளில் உள்ள இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு எக்ஸ்86-64 கட்டளைகள் புரியும். ராஸ்பெரி பையிலும் ஆப்பிளின் 'எம்' வரிசைக் கணினிகளிலும் உள்ளவை ஆர்ம் சில்லுகள்.

இரண்டாவது, இயங்குதளம். சில்லு ஒன்றே என்றாலும் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவை வெவ்வேறு கோப்பு வடிவங்களை எதிர்பார்க்கின்றன. விண்டோஸ் இயங்கு கோப்பு 'எம்இசட்' என்ற இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். லினக்ஸ் கோப்பின் தொடக்கத்தில் 'இஎல்எஃப்' என்று இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள 'ஃபைல்' என்ற கட்டளை, ஒரு கோப்பு எந்த வகை என்பதைச் சொல்லிவிடும்.

ஆப்பிள் 2006ல் பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கும், 2020ல் இன்டெலிலிருந்து ஆர்முக்கும் மாறத் தொடங்கியது. இருமுறையும் இரண்டு வழிகளைக் கையாண்டது. இருவகைக் கட்டளைகளையும் ஒன்றாக அடக்கிய 'யூனிவர்சல்' கோப்பு ஒன்று. பழைய கட்டளைகளைப் புதிய சில்லுக்கு மாற்றித் தரும் 'ரொசெட்டா' மற்றொன்று. ஆனால், 2011ல் வெளிவந்த மேக் லயன் இயங்குதளத்தில் முதல் ரொசெட்டா இடம்பெறவில்லை. பவர்பிசிக்கு மட்டும் தயாரான நிரல்கள் அதில் ஓடவில்லை. மூல நிரலை வைத்திருந்தவர்களால் புதிதாகத் தயாரிக்க முடிந்தது. இயங்கு கோப்பை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

• குழுவில் மூல நிரலையே பகிருங்கள். இயங்கு கோப்பை அவரவர் கணினியில் தயாரித்துக்கொள்ளலாம்.

• இயங்கு கோப்பையும் தர வேண்டியிருந்தால், அதன் பெயரிலேயே இயங்குதளத்தையும் சில்லையும் குறிப்பிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை வையுங்கள்.

• பைத்தான் தொகுப்புகள் சிலவற்றுக்குள் இயங்கு கோப்புகள் உண்டு. அவற்றை அப்படியே நகலெடுக்காமல், பட்டியலாகக் குறித்துவைத்து, ஒவ்வொரு கணினியிலும் புதிதாக நிறுவுங்கள்.

• கோ மொழியில் பொதுவாக இரண்டு அமைப்புகளை மாற்றினால் போதும். விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் ஆர்ம் கணினிக்கான கோப்பைத் தயாரிக்கலாம்.

• ஆசிரியர் எந்தக் கணினியில் சோதிப்பார் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, அதே வகைக் கணினியில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.